ஷிராஸில் மிளகு வாசம்: மண்ணா, வெயிலா, மனப்பிரமையா?

மெல்பர்ன் மாறன் | சனி, இரவு 10:40

போன வாரம் நண்பர் வீட்டில் விருந்து. ஆட்டுக்கறி வறுவலுக்குத் துணையாக, ஷிராஸ் என்ற திராட்சையில் செய்த சிவப்பு ஒயின் புட்டி ஒன்றைத் திறந்தார். விக்டோரியாவில் கிராம்பியன்ஸ் மலையடிவாரத்தில் விளைந்தது. என் மனைவி கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதுமே, "இதில் யார் மிளகைத் தட்டிப் போட்டது?" என்றாள். நண்பரும், "அதேதான், அதேதான்" என்று தலையாட்டினார். நானும் மூக்கைக் கோப்பைக்குள் முக்காத குறையாக முகர்ந்தேன். பழ வாசம் வந்தது. மிளகு? சுத்தமாக இல்லை.

"அது அந்த மண்ணோட குணம்" என்று நண்பர் முடித்துவிட்டார். சரி என்று விட்டிருப்பேன். ஆனால் வீட்டில் தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசாவில் விளைந்த ஷிராஸ் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதே திராட்சை ரகம்தான். அதில் மனைவிக்கும் மிளகு தெரியவில்லை. நாவற்பழத்தைச் சர்க்கரை போட்டுக் காய்ச்சிய மாதிரி இருக்கிறது என்கிறாள்.

என் கேள்வி இரண்டு. மண்ணில் இருக்கும் வாசம் வேர் வழியாகப் பழத்துக்கு ஏறுமா? ஏறுமென்றால் எனக்கு மட்டும் ஏன் வரவில்லை?

---

சந்தேகப் பிராணி | சனி, இரவு 11:05

உங்களுக்கு வராததுதான் சரி. மற்ற இரண்டு பேரும் ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டு முகர்ந்தவர்கள்.

பிரான்சில் பொர்தோ பல்கலைக்கழகத்தில் ஃபிரெடெரிக் புரோஷே என்பவர் செய்த சோதனையைத் தேடிப் பாருங்கள். 2001-இல் வெளியானது. ஒயின் படிக்கும் மாணவர்கள் 54 பேருக்கு வெள்ளை ஒயினில் வாசமில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார். அவர்கள் பெரும்பாலும் சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வார்த்தைகளாகவே எழுதிக் கொடுத்தார்கள். கண் சொன்னதை மூக்கு நம்பிவிட்டது. மண், மலை, மிளகு எல்லாம் புட்டியின் விலையை ஏற்றச் சொல்லும் கதை.

---

அடிலெய்ட் அமுதா | ஞாயிறு, காலை 7:20

மாறன், உங்கள் மனைவிக்கு வந்தது பிரமை இல்லை. அது மிளகேதான்.

அந்த வாசத்துக்குக் காரணமான பொருளின் பெயர் ரொட்டண்டோன். ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனம் இதைக் கண்டுபிடித்து 2008-இல் வெளியிட்டது. நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் மிளகின் வாசத்திலும் பெரும் பங்கு இதே மூலக்கூறுதான். மிளகில் ஏராளமாக இருக்கிறது, ஷிராஸில் துளியூண்டு. துளியூண்டு என்றால், ஒரு கிராமை நூறு கோடி பங்காகப் பிரித்து அதில் 16 பங்கை ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் கரைத்தால் போதும், மூக்கு பிடித்துவிடும்.

இப்போது உங்கள் இரண்டாம் கேள்வி. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. சுமார் ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசமே தெரிவதில்லை, எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும். பார்வையில் நிறக்குருடு மாதிரி, மூக்கில் ஒரு சின்ன ஓட்டை. நீங்கள் அந்த ஐந்தில் ஒருவராக இருக்கலாம்.

முதல் கேள்விக்கு வருவோம். ரொட்டண்டோன் மண்ணிலிருந்து ஏறுவதில்லை. கொடியே தயாரிக்கிறது, பழத்தின் தோலில் சேர்கிறது. எவ்வளவு சேரும் என்பதைக் குளிர்ச்சிதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பழுக்கும் காலத்தில் குலை 25 டிகிரிக்கு மேல் சூடாகி நிற்கும் நேரம் கூடக் கூட ரொட்டண்டோன் குறைகிறது. கிராம்பியன்ஸ் குளிர்ந்த பகுதி. பரோசாவின் தரைப்பகுதி நல்ல வெயில் காய்வது. உங்கள் வீட்டுப் புட்டி ஜாம் மாதிரி இருப்பதற்குக் காரணம் அதுதான்.

எனக்குப் பிடித்த தகவல் ஒன்று. கிராம்பியன்ஸில் ஒரே தோட்டத்துக்குள், ஒரே ரகக் கொடிகளில் அங்கங்கே பழம் எடுத்து அளந்தார்கள். சரிவும் வெயில் படும் திசையும் மாறிய இடத்தில் மிளகின் அளவும் மாறியது. ஒரு குலையிலேயே நிழல் பட்ட பக்கமும் வெயில் பட்ட பக்கமும் ஒன்று போல இருப்பதில்லை.

---

மெல்பர்ன் மாறன் | ஞாயிறு, காலை 9:02

அக்கா, எனக்கு ரசத்தில் மிளகு நன்றாகத் தெரியுமே! அப்புறம் எப்படி?

---

அடிலெய்ட் அமுதா | ஞாயிறு, காலை 9:30

ரசத்தில் உங்களுக்குத் தெரிவது பெரும்பாலும் காரம். அது பைப்பரின் செய்யும் வேலை, நாக்கிலும் தொண்டையிலும் உறைப்பது. மிளகில் வேறு வாசப் பொருள்களும் நிறைய உண்டு. ரொட்டண்டோன் தெரியாதவருக்கும் மிளகு மிளகாகத்தான் இருக்கும், கொஞ்சம் வேறு மாதிரி மிளகாக. உங்கள் மிளகும் உங்கள் மனைவியின் மிளகும் ஒன்றில்லை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

---

கம்பம்காரன் | ஞாயிறு, மாலை 4:15

நான் ஒயின் குடிப்பவன் இல்லை, திராட்சை போட்டவன். எங்களுடையது பன்னீர் திராட்சை. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதுதான். வெளிநாட்டில் இதற்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயராம்.

அமுதா மேடம் குளிர், வெயில் என்கிறார். சரி. ஆனால் மண்ணுக்கு வேலையே இல்லை என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் பக்கம் ஒரே ஊரில், ஒரே நாளில் கவாத்து செய்த, அதாவது கொடியை வெட்டிவிட்ட, இரண்டு தோட்டத்துப் பழம் ஒன்று போல இருக்காது. செம்மண் சரளையில் விளைந்தது ஒரு ருசி, தண்ணீர் கோத்துக்கொள்ளும் மண்ணில் விளைந்தது சப்பென்று இருக்கும். வாசம் மண்ணிலிருந்து ஏறாது என்றால் இது எப்படி?

---

பொர்தோ குகன் | ஞாயிறு, இரவு 8:50

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப பொர்தோவில் இருக்கிறன். பல வருடம் செப்டம்பர் மாதத்தில் முந்திரிகைத் தோட்டங்களில் பழம் வெட்டப் போனவன். முந்திரிகை என்றால் எங்கட ஊரில் திராட்சை. பாயாச முந்திரியோடு குழம்ப வேண்டாம்.

கம்பம் அண்ணையின் கேள்விக்கு இந்த ஊரே பதில். ஜிரோந்த் கழிமுகத்தின் இடது பக்கம் மெதோக். அங்கே தரையெல்லாம் கூழாங்கல். ஆறுகள் ஆயிரமாயிரம் வருடமாகப் பிரெனே மலையிலிருந்தும் நடுப் பிரான்சிலிருந்தும் உருட்டிக்கொண்டு வந்த கல். குனிந்து வெட்டும்போது முழங்கால் தேய்ந்துவிடும். ஒரு காலத்தில் இதில் பெரும்பகுதி சதுப்பு. 17-ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்து பொறியியலாளர்கள் வந்து கால்வாய் வெட்டித் தண்ணியை வடித்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் கல் மேடுகள் பெயர் எடுத்தன. வலது பக்கம் பொமரோல் போனால் கல் குறைந்து களிமண் வரும். பெத்ரூஸ் என்ற உலகப் பிரசித்தமான தோட்டம் இருப்பது தடித்த நீலக் களிமண் மேட்டில். மழை பெய்தால் சப்பாத்து மேலே வராது.

கல் மண்ணில் கபர்னே சொவிஞ்ஞோன் என்ற ரகத்தை வைப்பார்கள், களியில் மெர்லோ என்ற ரகத்தை. ஏன் என்றால், கபர்னே பிந்திப் பழுக்கும். கல் வெயிலில் சூடேறி நிற்கும், தண்ணியைப் பிடித்து வைக்காது, பிந்திய பழத்துக்கு அது உதவி. மெர்லோ ஒரு கிழமை, இரண்டு கிழமை முந்திவிடும். குளிர்ந்த களியிலும் பழுத்துவிடும்.

இப்ப முக்கியமான விசயம். கல்லும் களியும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். இரண்டிலும் எப்படி நல்ல வைன் வருகிறது? இதைப் பொர்தோப் பல்கலைக்கழகத்து ஜெரார் செகான் என்ற பேராசிரியர் பல வருடம் தோண்டிப் பார்த்தார். உண்மையாகவே குழி தோண்டித்தான். மண்ணில் என்ன சத்து, என்ன உலோகம் என்று பார்த்தால் நல்ல தோட்டங்களுக்குள் ஒற்றுமை ஒன்றும் இல்லை. ஒற்றுமை தண்ணியில் இருந்தது. கல் மண்ணில் மழை வடிந்து ஓடிவிடும், வேர் ஆழத்துக்குப் போய்க் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும். நீலக் களி மழை பட்டதும் உப்பி வாயை மூடிக்கொள்ளும், மிச்சத் தண்ணி வழிந்துவிடும், உள்ளே இருப்பதையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லத்தான் விடும். இரண்டு மண்ணும் கொடியைச் சாகவும் விடாது, கொழுக்கவும் விடாது.

---

கம்பம்காரன் | ஞாயிறு, இரவு 9:40

குகன் தம்பி, இப்போதுதான் புரிகிறது. நாங்கள் செய்வதற்கு நேர் தலைகீழ்!

எங்களுக்குப் பழம் எடைக்குப் போகிறது. பந்தலில் இலை நிறைய வேண்டும், பழம் பருக்க வேண்டும். தண்ணீர் கட்டினால் எடை ஏறும். இங்கே குளிர்காலம் என்று ஒன்று இல்லாததால் கொடி தூங்குவதும் இல்லை. கவாத்து செய்த நாளிலிருந்து எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். அங்கே பழம் சிறுத்தால் காசு, இங்கே பழம் சிறுத்தால் வியாபாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான்.

சிறுத்த பழத்தில் அப்படி என்ன இருக்கிறது?

---

பொர்தோ குகன் | ஞாயிறு, இரவு 10:25

தோல் அண்ணை, தோல். கறுப்பு முந்திரிகையைப் பிதுக்கிப் பாருங்கோ, பெரும்பாலான ரகத்தில் சாறு வெள்ளையாகத்தான் வரும். சிவப்பு வைனின் நிறமும் துவர்ப்பும் தோலிலும் விதையிலும் இருக்கிறது. அதனால்தான் சாற்றைத் தோலோடு சேர்த்தே புளிக்க விடுகிறார்கள். பழம் சின்னது என்றால் சாறு குறைவு, தோலின் பங்கு கூட. பழம் நிறம் மாறுகிற நேரத்தில் கொடிக்குக் கொஞ்சம் தாகம் இருந்தால் புதுத் தளிர் விடுவதை நிறுத்தி, இருக்கிற சத்தைப் பழத்துக்கு அனுப்பும். இங்கே காய்க்கிற கொடிக்கு வழக்கமாகத் தண்ணி கட்ட விடவும் மாட்டார்கள். மழை தந்ததுதான்.

கூடத் தாகம் வந்தாலும் பிழை. இலை வாடிவிட்டால் சீனி ஏறுவது நின்றுவிடும். இளங்கொடி முதலில் அடிபடும், வேர் ஆழமில்லை.

---

சந்தேகப் பிராணி | திங்கள், காலை 8:10

தண்ணீர் கதை சரி, ஒத்துக்கொள்கிறேன், இது விவசாயம். ஆனால் "எங்கள் மண்ணைப் போல உலகில் எங்கும் இல்லை" என்பதுதானே இந்த வியாபாரத்தின் அடிப்படை? 1976, மே 24, பாரிஸ். ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வியாபாரி பிரெஞ்சு, கலிஃபோர்னிய ஒயின்களைப் பெயரை மறைத்து ருசிக்க வைத்தார். மதிப்பெண் போட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். சிவப்பில் முதலிடம் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973. தோற்றதில் பொர்தோவின் பெரும்புகழ் பெற்ற மூத்தோன் ரோத்ஷீல்டும் ஓ பிரியோனும் உண்டு. அந்தக் கலிஃபோர்னியக் கொடிகளை நட்டதே 1970-இல்! நூற்றாண்டு மண் எங்கே போயிற்று?

---

அடிலெய்ட் அமுதா | திங்கள், மாலை 6:45

அந்தச் சோதனை காட்டியது, நல்ல நிலம் பிரான்சுக்கு வெளியேயும் இருக்கிறது என்பதை. நிலத்துக்கு வேலை இல்லை என்பதை அல்ல. ஸ்டாக்ஸ் லீப் இருக்கும் இடத்திலும் மாலையில் விரிகுடாவிலிருந்து குளிர்காற்று ஏறும். இடம் பார்த்துத்தான் நட்டார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். "சுண்ணாம்பு மண்ணில் விளைந்தது, அதனால் சுண்ணாம்புச் சுவை" என்று எழுதுவது எனக்கும் எரிச்சல். ஆபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் பாறைகளை ஆராய்ந்த நிலவியலாளர் அலெக்ஸ் மால்ட்மன் இதை வருடக்கணக்காகச் சொல்லி வருகிறார். பாறைக்கு வாசமும் இல்லை, ருசியும் கிடையாது. வேர் எடுப்பது தண்ணீரில் கரைந்த அயனிகளை. பாறையை அரைத்துக் குடிப்பதில்லை. புட்டிக்கு வந்து சேரும் தாது மிகவும் சொற்பம், நாக்குக்கு எட்டுவதும் அபூர்வம்.

குகன் ஊரிலேயே கொர்னேலிஸ் வான் லேவன் குழு 2004-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. மூன்று மண், மூன்று ரகம், சில ஆண்டுகள் என்று வைத்துப் பார்த்தார்கள். அந்தந்த ஆண்டின் வானிலையும் மண்ணும் செய்த மாற்றம், ரகத்தை மாற்றியதால் வந்த மாற்றத்தைவிடப் பெரிதாக இருந்தது. அதற்கும் பெரிய காரணம் கொடிக்குக் கிடைத்த தண்ணீர்தான்.

இங்கே எங்கள் பக்கத்துக் கூனவாராவைப் பாருங்கள். சுண்ணாம்புப் பாறைமேல் மெல்லிய செம்மண். ஒரு ஒல்லியான பட்டைதான். பக்கத்திலேயே கரிசல். செம்மண்ணில் தண்ணீர் வடிகிறது, கபர்னே அடக்கமாக வளர்கிறது. கரிசலில் ஈரம் நிற்கிறது, கொடி இலையாகக் கொழுக்கிறது. வாசத்தில் செம்மண் ருசி தேடுபவர்கள் ஏமாந்துதான் போவார்கள், ஆனால் எந்தப் பக்கத்துப் பழம் என்று கோப்பையில் தெரியும். எல்லை எங்கே முடிகிறது என்று அந்த ஊரில் வருடக்கணக்காக வழக்கே நடந்தது.

---

ஊட்டி நிலா | திங்கள், இரவு 9:15

கூனவாரா என்றதும் ஞாபகம் வருகிறது. சிட்னியில் அண்ணன் வீட்டில் அந்த ஊர்க் கபர்னே கொடுத்தார்கள். மூக்கில் வைத்ததும் எனக்குச் சளி பிடித்தால் அம்மா தேய்க்கும் நீலகிரித் தைலம்! கொத்தகிரி சாலையில் தைலம் காய்ச்சும் கொட்டகையைத் தாண்டும்போது வருமே, அதே வாசம். சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். இதுவும் கொடியே செய்வதா?

---

அடிலெய்ட் அமுதா | திங்கள், இரவு 9:50

சிரித்தவர்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், உங்கள் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அது நிஜத் தைலம். தைல மரத்தில் இருக்கும் சினியோல். ஆஸ்திரேலியாவில் தோட்டத்து வேலியோரம் அந்த மரம் நிற்பது சாதாரணம். மரத்துக்கு அருகில் உள்ள வரிசைகளில் பழம் எடுத்து அளந்தால் கூடுதலாகவும், தள்ளிப் போகப் போகக் குறைந்தும் வருகிறது. காற்றில் வரும் ஆவி கொஞ்சம் தோல் மெழுகில் படியும். அதைவிட, உதிர்ந்த தைல இலையும் பட்டையும் குலைகளில் சிக்கி, இயந்திர அறுவடையில் பழத்தோடு சேர்ந்து தொட்டிக்குள் போய்விடும். சிவப்பு ஒயின் தோலோடு ஊறுவதால் அது முழுக்க இறங்கிவிடும்.

ஆக, அக்கம்பக்கத்திலிருந்து நேராகப் புட்டிக்குள் வரும் வாசம் உண்டு. ஆனால் அது கீழிருந்து ஏறியதில்லை, பக்கத்திலிருந்து வந்தது.

---

வாங்கரட்டா வேலு | செவ்வாய், காலை 6:30

பக்கத்திலிருந்து வருவதில் மோசமானது புகை. வடகிழக்கு விக்டோரியாவில் ஒரு ஒயின் கிடங்கில் வேலை பார்த்தேன். 2020 தொடக்கத்தில் காட்டுத்தீ. எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் நெருப்பு ஒரு கொடியைக்கூடத் தொடவில்லை. புகை மட்டும் வாரக்கணக்கில் பள்ளத்தாக்கில் தங்கிவிட்டது.

கொடுமை என்னவென்றால் பழத்தைத் தின்றால் ஒன்றும் தெரியாது. கழுவினாலும் போகாது. புகையில் இருக்கும் குவயக்கால் போன்றவை தோலுக்குள் போய்ச் சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு ஒளிந்துவிடும். புளிக்கும்போது கொஞ்சம் அவிழும். மீதி, குடிப்பவர் வாயில் எச்சில் பட்டு அவிழும். முதல் வாய் நன்றாக இருக்கும், விழுங்கிய பிறகு அணைந்த அடுப்பை நக்கிய மாதிரி ஒரு கசப்பு. எங்கள் முதலாளி வாளியில் கொஞ்சம் புளிக்க வைத்துப் பார்த்தார். மறுநாள் யாரும் எதுவும் பேசவில்லை. அந்த வருடம் சிவப்புக்குப் பழமே வெட்டவில்லை.

---

நெறியாளர் | செவ்வாய், காலை 10:00

தனிமடலில் புட்டி விற்கலாமா என்று கேட்ட இரண்டு பேருக்கு: இங்கே அது கிடையாது. உரையாடல் தொடரட்டும்.

---

பொர்தோ குகன் | செவ்வாய், இரவு 8:30

வேலு அண்ணை எழுதியதை வாசித்து மனம் கனத்துவிட்டது.

இங்கே மாற்றம் மெல்ல நடக்கிறது. பழைய ஆட்கள் குளிர் வருடத்து வைனில் குடைமிளகாய் வாசம் வரும் என்பார்கள். அதுவும் கதை இல்லை, பைரசீன் என்ற பொருள், காய்ப் பருவத்தில் இருக்கும், வெயிலிலும் பழுக்கப் பழுக்கவும் குறையும். அதைக் குறைக்கத்தான் குலையைச் சுற்றி இலை கிள்ளச் சொல்வார்கள், காலை வெயில் படும் பக்கம் மட்டும். இப்ப வெயிலுக்குப் பயந்து அந்த இலையை விட்டுவிடச் சொல்கிறார்கள்! 1980-களில் 12, 12.5 சதவீதம் மதுசாரம் (ஆல்கஹால்) இருந்த இடத்தில் இப்ப 14 சாதாரணம். மெர்லோ முந்திப் பழுத்துச் சீனி ஏறி நிற்கிறது. 2021-இல் சிவப்புக்கு நாலு புது ரகத்தை அனுமதித்தார்கள். அதில் ஒன்று போர்த்துகல்லின் தூரிகா நசியோனால். தோட்டத்தில் 5 சதவீதத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு.

பர்கண்டியில் போன் நகரத்தில் அறுவடைத் தேதிகள் 1354-இலிருந்து எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. 1988-க்குப் பிறகு, அதற்கு முந்திய நூற்றாண்டுகளின் சராசரியைவிட 13 நாள் முந்தி வெட்டுகிறார்கள்.

---

கம்பம்காரன் | செவ்வாய், இரவு 9:20

நாசிக்கில் இரண்டு கவாத்து என்று கேள்விப்பட்டேன். ஏப்ரலில் கொடிக்கு ஒன்று, மழை முடிந்து செப்டம்பர், அக்டோபரில் பழத்துக்கு ஒன்று. இரவு குளிரும் மாதங்களில் பழுத்து ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் அறுவடை. அவர்கள் ஊரை மாற்ற முடியாது, மாதத்தை மாற்றிவிட்டார்கள். நல்ல மூளை.

---

மெல்பர்ன் மாறன் | சனி, இரவு 11:30

அமுதா அக்காவிடம் தனியாகக் கேட்டு, வீட்டில் மூன்று கோப்பைச் சோதனை வைத்தேன். இரண்டில் பரோசா, ஒன்றில் கிராம்பியன்ஸ். கண்ணைக் கட்டிக்கொண்டு முகர வேண்டும், மிளகு இருப்பதைக் காட்ட வேண்டும். மூன்று சுற்று.

மனைவி மூன்றிலும் சரி. யோசிக்கக்கூட இல்லை. நான் ஒரு சுற்றில் சரி, அதுவும் குருட்டாம்போக்கு. மகள் குடிக்கவில்லை, முகர மட்டும் செய்தாள், அவளும் மூன்றுக்கு மூன்று. ஆக, வீட்டில் மூக்கில் ஓட்டை எனக்கு மட்டும்தான். இருபது வருடமாக என் சமையலில் மிளகு பற்றவில்லை என்று மனைவி சொல்லி வருவதற்கு இதுதான் காரணமா என்று விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.

---

சந்தேகப் பிராணி | ஞாயிறு, காலை 8:00

மூன்று சுற்று போதாது. அவர்கள் பழ வாசத்தை வைத்துக்கூடப் பிரித்திருக்கலாம். பத்துச் சுற்றாவது வையுங்கள்.

---

மெல்பர்ன் மாறன் | ஞாயிறு, காலை 8:12

கிராம்பியன்ஸ் புட்டி காலி. நீங்கள் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தால் வைக்கலாம்.